அட்டிக்: கூரைக்கடியில் ஒரு வெட்டவெளி

நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் கொலு வைக்கும் வீடுகளில் அட்டிக் வருஷத்துக்கு இரண்டு தடவை கட்டாயம் திறக்கும். மகாளய அமாவாசையன்று பொம்மைகளை இறக்க ஒரு தடவை, விஜயதசமி கழிந்து அவற்றை ஏற்ற இன்னொரு தடவை. மற்ற நாட்களில் மாடி நடையில் தொங்கும் அந்தக் கயிற்றை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இழுத்தால் மடக்கு ஏணி இறங்கும். கூடவே கொஞ்சம் பஞ்சுத் தூசியும் இறங்கும். மேலே ஏறியவர் "எந்த டப்பாம்மா?" என்று குரல் கொடுப்பார். "கறுப்பு டப்பாங்க, மஞ்சள் மூடி போட்டது" என்று கீழிருந்து பதில் போகும். மேலே இருக்கும் பதினாறு டப்பாவும் கறுப்பு, பதினாறு மூடியும் மஞ்சள். எல்லாரும் கிடங்குக் கடையில் வாங்கி அடுக்கும் அதே 27 கேலன் டப்பா.

பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு முன்னால் மனசில் ஒட்டிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நாம் அட்டிக்கைப் பரண் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஊரில் பரண் வீட்டுக்குள் இருந்தது. சமையலறைப் பரணுக்கு அடுப்புப் புகை ஏறும். பூச்சி அண்டாது என்றுதான் விதைக் கதிர்களைப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கூடத்துப் பரணில் இருந்த வெண்கலப் பானையும் அதற்குக் கீழே பாய் விரித்துப் படுத்த தாத்தாவும் ஒரே காற்றில்தான் இருந்தார்கள். அட்டிக் வேறு சாதி. அதன் தரையில் மெத்தை மாதிரி கிடக்கும் பஞ்சு இருக்கிறதே, அந்த இன்சுலேஷன்தான் வீட்டின் எல்லைக்கோடு. அதற்கு மேலே இருப்பது முழுக்க வெளி. கூரை மழையை மட்டும் தடுக்கிறது. வெயிலும் குளிரும் தாராளமாக உள்ளே வரும். இறவாரத்திலும் முகட்டிலும் துளை விட்டு, வெளிக்காற்று வந்து போகவே அதைக் கட்டியிருக்கிறார்கள். கூரைப் பலகையின் அடிப்புறத்திலேயே நுரை தெளித்து அடைத்த வீடு உங்களுடையது என்றால் கணக்கு வேறு. இந்த ஊரில் அப்படிப்பட்ட வீடு குறைவு.

ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள். இதை ஜூலையிலும் ஜனவரியிலும் டிரைவ்வேயில், தார்ப்பாய்க்கு அடியில் விட்டுவைப்பேனா? மாட்டேன் என்றால் அது அட்டிக்குக்குப் போகக் கூடாது. இந்த அத்தியாயத்தில் மீதி இருப்பதெல்லாம் இந்தக் கேள்வியின் கிளைகள்தான்.

மேலே எவ்வளவு சூடு?

வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும் ஜூலை மதியத்தில் அட்டிக்கில் 130 டிகிரி சர்வ சாதாரணம். நம் கணக்கில் 54 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை. ஜனவரி இரவில் அதே இடம் உறைநிலைக்குக் கீழே போகும். ஒரே பொருள் ஒரு வருஷத்துக்குள் இரண்டையும் பார்த்துவிடும்.

இந்தச் சூட்டின் வலிமைக்கு நியூஜெர்சியிலேயே சாட்சி உண்டு. 1980-களில் இங்கே டவுன்ஹவுஸ்கள் வரிசை வரிசையாக எழுந்தபோது, ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க, நடுச்சுவரை ஒட்டிய கூரைப் பகுதிக்குத் தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றிய பிளைவுட்டைப் போட்டார்கள். சில வருஷங்களிலேயே அந்தப் பலகைகள் கறுத்து, நொறுங்கி, காலை வைத்தால் பொத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தன. தீ எதுவும் பிடிக்கவில்லை. கோடை வெயிலில் அட்டிக் எட்டும் சூடே ரசாயனத்தைக் கிளப்பிவிட்டு மரத்தை அரித்துவிட்டது. ஏராளமான வீடுகளில் கூரைப் பலகையை மாற்ற வேண்டி வந்தது. கட்டட மரத்துக்கே இந்தக் கதி என்றால், உங்கள் கல்யாண ஆல்பத்தை என்னவென்று சொல்ல?

முதலில் இறக்க வேண்டியவை

ஒழுங்குபடுத்துவது என்றால் டப்பா வாங்குவது என்று பலர் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பொருளை இறக்குவதுதான் முதல் வேலை. தமிழ் வீட்டு அட்டிக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

வீணை. பெண் எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டாள், கூடத்தில் இடமில்லை, பெட்டியோடு மேலே ஏற்றியாயிற்று. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தாங்குவது ஆணியோ பசையோ இல்லை. தேன்மெழுகில் கரிப்பொடி கலந்த கறுப்பு மெழுகு. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸுக்குமேல் உருகும், 50-ஐத் தாண்டும்போதே நன்றாக இளகிவிடும். எங்கள் வீட்டு வீணை ஒரே ஒரு கோடை மேலே இருந்தது. இறக்கிப் பார்த்தபோது மேல் ஸ்தாயி மெட்டுகள் ஏழெட்டு மெழுகுக்குள் சாய்ந்து கிடந்தன, வயசானவர் பல்வரிசை மாதிரி. மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை நிறுத்த, ஆள் தேடி ஊருக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. விமானத்தில் வீணையைக் கொண்டுபோவது தனி அத்தியாயம். இந்த நூலில் அது இல்லை. மிருதங்கத்துக்கும் அதே விதி. தோல் காய்ந்து இறுகும், பிறகு குளிரில் தளரும், சாதம் (கரணை) விரிசல் விடும்.

தஞ்சாவூர் ஓவியம். சுண்ணப்பொடியும் கோந்தும் சேர்த்துப் புடைப்பாக எழுப்பி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டியது. அடியில் பலகை, பலகைக்கு மேல் துணி. இவை ஒவ்வொன்றும் சூட்டில் ஒவ்வொரு அளவில் விரியும். ரேக்கு உதிரத் தொடங்கினால் நிற்காது.

பட்டுப்புடவையை யாரும் தெரிந்து அட்டிக்கில் வைப்பதில்லை. ஆனால் "பெரிய சூட்கேஸில் இருக்கட்டும்" என்று சொல்லி, சூட்கேஸ் மேலே போகும்போது புடவையும் கூடப் போய்விடுகிறது. ஜரிகை கறுக்கும், மடிப்பு இருக்கும் இடத்தில் பட்டு விண்டுபோகும். மேலே ஏற்றும் ஒவ்வொரு சூட்கேஸையும் திறந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள். இது அனுபவத்தில் வந்த வாக்கியம்.

காகிதங்கள். ஐ-797 ஒப்புதல் கடிதங்கள், பழைய கடவுச்சீட்டுகள், அண்ணா பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், ஊர் வீட்டுப் பத்திர நகல். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகப் போட்டு வைத்திருப்பீர்கள். அதில்தான் வினை. லேசர் அச்சின் மை சூட்டில் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். சில வருஷம் கழித்து உருவினால் எழுத்து உறையோடு வரும், காகிதம் வெறுமையாக வரும். கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி எதற்கு என்று நினைக்காதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்தின்போது பழைய தேதிகள் எல்லாம் தேவைப்படும்.

1990-களில் சென்னையில் எடுத்த கல்யாண வீடியோ கேசட்டும் இந்தக் கணக்கில்தான் வரும். காந்த நாடாவுக்குச் சூடு எமன். அது பால் (PAL) முறையில் பதிந்த நாடா என்பதால் இங்கே வாங்கிய பழைய விசிஆரில் ஓடாது, ஓடாததால் மேலே போயிருக்கும். இறக்கி, டிஜிட்டலாக மாற்றக் கொடுத்துவிடுங்கள். இன்னும் தள்ளிப்போட இந்த ஒன்றுக்கு நேரமில்லை.

மெழுகுவத்தி, கற்பூரம், பேட்டரி, பெயின்ட், ஸ்ப்ரே டப்பா, பார்பெக்யூ சிலிண்டர், மருந்து: விளக்கம் வேண்டாம், இறக்கிவிடுங்கள்.

அப்படியானால் எதுதான் மேலே போகலாம்? கிறிஸ்துமஸ் பிளாஸ்டிக் மரம், தீபாவளி சர விளக்கு, கொலுப் படி, கேம்பிங் கூடாரம், பருத்தித் துணி, எவர்சில்வர், பித்தளை (எடை பார்த்து), காலி சூட்கேஸ். இறக்கிய பொருளுக்கு நல்ல இடம் மாடியிலுள்ள அலமாரி. பேஸ்மென்ட் என்றால் தரையிலிருந்து ஓரடியாவது தூக்கிய இரும்பு ஷெல்ஃப். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் கொட்டிய மழையில் ராரிட்டன் ஆறு கரை புரண்டு மேன்வில் வீடுகளுக்குள் புகுந்தது. 1999-இல் ஃப்ளாய்ட் புயலின்போது பௌண்ட் புரூக் கடைத்தெருவே தண்ணீரில் நின்றது. இரண்டு ஊரும் நமக்குக் கூப்பிடு தூரம். பேஸ்மென்ட்டை நம்பாமல் எல்லாவற்றையும் அட்டிக்குக்கு ஏற்றியவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. வாட்சங் குன்றுச் சரிவில், மார்ட்டின்ஸ்வில் பக்கம் வீடு உள்ளவர்கள் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆற்றுப் பக்கம் உள்ளவர்கள் பொருளை நடு மாடிக்கு ஏற்றுவது உத்தமம்.

தரை தாங்குமா?

ஏறி முதலில் கூரையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். பழைய வீடு என்றால் இருபக்கமும் சாய்ந்த கைமரங்கள், நடுவில் நடமாட இடம், தரையில் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக உத்தரம். கொஞ்சம் புதிய வீடு என்றால் டூ-பை-ஃபோர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக முக்கோணமாக இணைத்த டிரஸ், பெரும்பாலும் 24 அங்குலத்துக்கு ஒன்று. டிரஸ் கூரையைத் தாங்கப் பிறந்தது, சாமானைத் தாங்க இல்லை. கட்டட விதிப்படி, சாமான் வைக்கத் திட்டமிடாத அட்டிக்குக்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு கணக்கு. கொஞ்சம் சாமான் வைக்கலாம் என்று கட்டியதற்கு 20 பவுண்டு. நாலுக்கு எட்டு அடி பலகை விரித்த இடம் 32 சதுர அடி. பத்து பவுண்டு கணக்கில் 320 பவுண்டு, அதில் பலகைக்கு மேலே நிற்கும் நீங்களும் அடக்கம். பழைய வெட் கிரைண்டர், தாத்தா வீட்டு உருளி, புத்தகப் பெட்டி மூன்றும் ஒரே மூலையில் சேர்ந்தால் கீழே படுக்கையறைக் கூரையில் மயிரிழை விரிசல் ஓடும்.

உங்கள் வீடு எந்தக் கணக்கில் கட்டியது என்பது டிரஸில் ஒட்டிய சீட்டிலோ நகரசபையில் உள்ள வரைபடத்திலோ தெரியலாம். தெரியாவிட்டால் பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்று டிரஸின் ஒரு குறுக்குக் கட்டையை மட்டும் அறுத்துவிடலாமே என்று தோன்றும். ரம்பத்தைக் கையில் எடுக்காதீர்கள். ஒன்றை அறுத்தால் கூரையின் பாரம் போகும் வழியே மாறிவிடும்.

எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ஊருக்குப் போகும் முந்தின இரவு 23 கிலோவுக்குள் சூட்கேஸைக் கொண்டுவர நாம் மல்லுக்கட்டும் அந்தத் தொங்கு தராசு. அதே தராசில் டப்பாவை மாட்டுங்கள். ஒரு டப்பா 30 பவுண்டைத் தாண்ட வேண்டாம். மடக்கு ஏணியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 250, 300, 350 பவுண்டு என்று ஏதாவது ஒன்று. அது ஆளும் சுமையும் சேர்ந்த கணக்கு.

பலகை விரிப்பதில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. உத்தரத்தின் மேல் நேராகப் பலகையை அழுத்தி அறைந்துவிடுகிறார்கள். நம் பகுதிக்கு மத்திய எரிசக்தித் துறை சொல்வது ஆர்-49 முதல் ஆர்-60 வரை இன்சுலேஷன் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு). ஊதி நிரப்பும் செல்லுலோஸ் என்றால் சுமார் 14 அங்குல உயரம், கண்ணாடி இழைப் பஞ்சு என்றால் இன்னும் கூடுதல். ஆறு அங்குல உத்தரத்தின் மேல் பலகை வந்தால் மிச்சப் பஞ்சு நசுங்கும் அல்லது வெளியேறும். நசுங்கிய பஞ்சு பஞ்சே இல்லை. ஆகவே உத்தரங்களுக்குக் குறுக்கே கட்டை வைத்து உயர்த்தி, அதற்கு மேல் பலகை போடுங்கள். கட்டைக்கும் எடை உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு அட்டிக்குக்கும் வேண்டாம். ஏணி வாயைச் சுற்றி எட்டடிக்கு எட்டடி போதும். பொருள் வைக்கும் இடம் குறைவாக இருப்பது நல்லது; இடம் இருந்தால் நாம் நிரப்பிவிடுவோம். இரண்டுக்கு நாலு அடியில் வெட்டியே விற்கும் பலகைகளை வாங்குங்கள். ஏணி வாய் பெரும்பாலும் இருபத்திரண்டரை அங்குல அகலம்தான், முழுப் பலகை உள்ளே போகாது. டப்பா வாங்கும் முன்பும் இந்த அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

பலகை இல்லாத இடத்தில் உத்தரத்தின் மேல் மட்டும் காலை வையுங்கள். பஞ்சுக்கு அடியில் இருப்பது அரை அங்குல ஜிப்சம் அட்டை. என் நண்பர் ஒருவர் கால் தவறி வைத்தார். அவருடைய மாமியார் குளித்துவிட்டு வந்து, பாத்ரூம் கூரையிலிருந்து மாப்பிள்ளையின் ஒரு கால் தொங்குவதைப் பார்த்தார். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய வீட்டில் பஞ்சுக்குப் பதில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், மினுமினுக்கும் சின்னக் கூழாங்கல் மாதிரித் துண்டுகள் கொட்டியிருந்தால் அது வெர்மிகுலைட். இந்த நாட்டில் விற்றதில் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது, வீடுகளில் கொட்டியது அப்படியே கிடக்கிறது. தொடாமல் இறங்கி, அதற்கென்று உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். அந்த அட்டிக்கில் சாமானே வேண்டாம்.

ஆணி முனையில் பனி

ஜனவரியில் நல்ல குளிர் விழுந்த காலையில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு ஆணி முனைகள் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால், கீழேயிருந்து ஈரக்காற்று மேலே கசிகிறது. நாள் ஏறச் சூடு பட்டு அது சொட்டும். கூரை ஓட்டை என்று ஆளைக் கூப்பிடுவீர்கள், கூரையில் ஓட்டை இருக்காது. ஆணியைச் சுற்றி மரம் கறுத்து வட்டம் போட்டிருந்தால் இது பல வருஷமாக நடக்கிறது என்று அர்த்தம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் பாத்ரூம் ஃபேன் மேல். அதன் குழாய் கூரை வழியாகவோ சுவர் வழியாகவோ வெளியே போக வேண்டும். பல வீடுகளில் அட்டிக்குக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. இட்லிப் பானை, குக்கர், சாம்பார் என்று நாளெல்லாம் ஆவி விடும் நம் சமையலும் சளைத்ததல்ல. இரண்டாவது, ஏணிக் கதவு. வீடு முழுக்க ஆர்-49 போட்டுவிட்டு, நடுவில் கால் அங்குல பிளைவுட் கதவு ஒன்றைத் திறந்தவெளிக்கு விட்டிருக்கிறோம். ஜிப் வைத்த இன்சுலேஷன் கூடாரம் கடையில் கிடைக்கிறது, அல்லது கெட்டி நுரைப் பலகையில் நீங்களே பெட்டி செய்து மேலிருந்து கவிழ்க்கலாம். ஓரங்களில் நுரை ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லா வேலைகளிலும் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கட்சி.

சாமானை இறவாரம் வரை தள்ளி அடுக்காதீர்கள். அங்குள்ள காற்றுத்துளை அடைபட்டால் கோடையில் சூடு கூடும். குளிர்காலத்தில் கூரைப் பனி உருகி ஓரத்தில் மறுபடி உறைந்து, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகும்.

பொம்மைகளைக் கட்டும் விதம்

கொலுவுக்கு வருவோம். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது வழக்கம். எடுப்பதற்கு முன் படிப்படியாக ஒரு போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோவை அச்சடித்து டப்பா மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்த வருஷம் தசாவதாரத்தில் பலராமர் எங்கே என்று தேட வேண்டாம்.

எல்லா பொம்மையும் ஒன்றில்லை. சுட்ட களிமண் பொம்மை அட்டிக்கைத் தாங்கும். நிறம்தான் மெல்ல உதிரும். காகிதக்கூழ் பொம்மையில் மாவுப் பசை இருக்கிறது, எலிக்கும் பூச்சிக்கும் அது சாப்பாடு. அதை மாடி அலமாரியில் வையுங்கள். மரப்பாச்சி ஜோடி அம்மா கொடுத்த சீதனமாக இருக்கும். செம்மரம் உலர்ந்தால் வெடிக்கும். பூஜை அலமாரியில் அதற்கு இடம் இல்லாமல் போகாது.

மண் பொம்மையைச் சுற்றும்போது அச்சிட்ட செய்தித்தாளை நேராகப் படவிடாதீர்கள், மை நிறத்தில் ஏறும். பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூக்கு, விரல், வில், வேல், புல்லாங்குழல் என்று நீட்டிக்கொண்டிருப்பவற்றுக்குத் தனியாகச் சின்னத் துண்டு. பிறகு கழுத்துப் பள்ளத்தை நிரப்பி ஒரு சுற்று. கடைசியில்தான் முழு உடம்புக்கும். கட்டிய பொம்மையைக் கையால் தடவினால் எந்த முனையும் தட்டுப்படக் கூடாது. டப்பாவில் நின்றபடி வையுங்கள், படுக்கவைத்தால் மேல் பொம்மையின் பாரம் கீழ் பொம்மையின் கழுத்தில் இறங்கும். இடைவெளியில் மிச்ச வேட்டி. சிலிக்கா பொட்டலம் இரண்டு. வெளியே நான்கு பக்கமும் எழுதுங்கள்: "கொலு, படி 3, மண், 22 பவுண்டு". மூடியில் மட்டும் எழுதினால் மேலே இன்னொரு டப்பா ஏறியவுடன் எழுத்து மறைந்துவிடும்.

செட்டியார் பொம்மையை மறக்காதீர்கள். செட்டியார் கடைக்கு முன்னால் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மிளகு வைத்திருப்பீர்கள். கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அப்படியே கட்டினால், அடியில் ஒட்டிய நாலு துவரம்பருப்பு போதும். சுண்டுவிரல் நுழையாத சந்தில் எலிக்குஞ்சு நுழையும். கலச அரிசி, முளைப்பாரி மண் எல்லாவற்றையும் துடைத்து, ஒரு நாள் காயவைத்துக் கட்டுங்கள்.

அடுக்கும் வரிசைக்கு நாட்காட்டியைப் பாருங்கள். அக்டோபரில் கொலு மேலே போகும். அடுத்து இறங்குவது தீபாவளி விளக்கு, அதற்குப் பின் கிறிஸ்துமஸ் மரம். ஆகவே கொலு உள்ளே, மரம் ஏணி வாய்க்குப் பக்கத்தில். மரம் ஜனவரியில் திரும்பி ஏறும்போது கொலுவை முன்னால் இழுத்துவிட்டு மரத்தைப் பின்னால் தள்ளுங்கள். இரண்டு நிமிஷ வேலை, செப்டம்பரில் இரண்டு மணி நேரம் மிச்சம்.

அழையா விருந்தாளிகள்

எலி, அணில் தொல்லைக்கு அந்துருண்டையை அட்டிக் முழுக்க வீசுகிறவர்கள் உண்டு. இந்த நாட்டில் அந்துருண்டை பூச்சிமருந்தாகப் பதிவானது. மூடிய பெட்டிக்குள் துணிப்பூச்சிக்கு மட்டும்தான் அனுமதி. திறந்த இடத்தில் போடுவது சட்டப்படி தப்பு. அதன் ஆவி கீழே படுக்கையறைக்கு இறங்கும். ஓட்டையைக் கம்பி வலையால் அடைப்பதுதான் மருந்து. இலையுதிர்காலத்தில் கேடய வடிவில் பழுப்பு நாற்றப்பூச்சி கூட்டமாக வந்து ஒடுங்கும். ஆசியாவிலிருந்து வந்து, இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஆலன்டவுனில் 1998-இல் முதலில் கண்டறியப்பட்ட பூச்சி அது. நசுக்காதீர்கள், உறிஞ்சி எடுங்கள். வௌவால் இருந்தால் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். மே முதல் ஜூலை வரை குட்டி பறக்கப் பழகாத காலம், அப்போது வழியை அடைத்தால் உள்ளேயே சாகும்.

ஏறும் நாள்

ஏப்ரல் கடைசி அல்லது அக்டோபர் நடு, காலை எட்டு மணிக்குள். ஜூலையில் ஏறினால் இருபது நிமிஷத்தில் தலை சுற்றும். முழுக்கை சட்டை, கையுறை, என்-95 முகக்கவசம் (கோவிட் காலத்து மிச்சம் எங்கேயோ இருக்கும்), தலையில் கட்டும் விளக்கு, தொப்பி. தொப்பி அந்த ஆணி முனைகளுக்காக. தனியாக ஏறாதீர்கள். மேலே ஒருவர், ஏணியில் ஒருவர், கீழே ஒருவர். ஏணியில் நிற்பவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடிதான் டப்பாவை வாங்க வேண்டும்.

டவுன்ஹவுஸ்காரர்கள் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள தீச்சுவரில் ஷெல்ஃப் அடிக்காதீர்கள். அதில் ஒரு துளையும் கூடாது. அட்டிக்கை அறையாக மாற்றும் ஆசை இருந்தால் அது வேறு விவகாரம். தரையின் பலம், கூரை உயரம், தப்பிக்கும் வழி எல்லாவற்றுக்கும் நகரசபை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டினால் வீட்டை விற்கும் நாளில் தெரியும்.

கழித்த பொருளில் பழைய டிவி, கம்ப்யூட்டர் இருந்தால் குப்பையோடு போட முடியாது. நியூஜெர்சியில் 2011 ஜனவரி முதல் அது தடை. சாமர்செட் மாவட்ட மறுசுழற்சி மையம் நம் ஊரிலேயே, போல்ஹீமஸ் லேனில் இருக்கிறது. நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரு சூட்கேஸ் மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. அப்பா அம்மா வந்த குளிர்காலத்தில் வாங்கிய கனமான ஜாக்கெட், கம்பளித் தொப்பி, பனியில் வழுக்காத ஷூ. ஊருக்குத் திரும்பும்போது "அடுத்த தடவை வர்றப்ப ஆகும், இங்கயே இருக்கட்டும்" என்று விட்டுப் போனது. ஷூவை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், அடிப்பாகம் சூட்டில் உதிரும். சூட்கேஸை ஏணி வாய்க்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி வையுங்கள்.

இறங்கும்போது விளக்கை அணைத்தீர்களா என்று பார்த்துவிட்டு ஏணியை மடக்குங்கள். கதவு மூடியபின் அட்டிக் விளக்கு எரிவது கீழேயிருந்து தெரியாது. எங்கள் வீட்டில் அது ஒரு விஜயதசமியிலிருந்து அடுத்த மகாளய அமாவாசை வரை எரிந்தது.